பொறுமைபுரத்து ஆமென்

பொறுமைபுரத்துச் சபையில் ஆமென் நின்றுபோனது ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை காலையில். சபையின் போதகர் ஞானசிகாமணி ஐயர் மழைக்காகவும், பெய்கிற மழை காயப்போட்ட மிளகாய் வற்றலின் மேல் பெய்யாமல் இருப்பதற்காகவும், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காகவும், வரன் அமையாத வாலிபர்களுக்காகவும், மூட்டுவலிக்காரர்களுக்காகவும் ஊக்கமாக ஜெபித்து, "எங்கள் நல்ல பிதாவே" என்று கடைசிச் சொல்லை இழுத்து நிறுத்த, ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் பாடகர் பெஞ்சும் வழக்கம்போல வாயைத் திறந்தன, ஒன்றும் வரவில்லை. தொண்டை கட்டிவிட்டதோ என்று ஆளாளுக்குச் செருமிப் பார்த்தார்கள். செருமல் வந்தது. ஆமை வந்தது, ஆமணக்கு வந்தது, பக்கத்தில் இருப்பவரிடம் "ஒங்களுக்கும் வரலியா" என்று கேட்க முடிந்தது, அவரால் "ஆமா" என்று சொல்லவும் முடிந்தது. ஆமென் மட்டும் வரவில்லை. ஐயர் தாமே சொல்லி முடித்துவிடலாம் என்று பார்த்தார், வாய் திறந்து மூடியதோடு சரி. ஜெபம் முடியாததால் கண்ணைத் திறப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சபை முழுவதும் ஒற்றைக் கண்ணைத் திறந்து அடுத்தவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பெண்கள் பக்கம் முன்பெஞ்சிலிருந்து ஒரு குரல் "ஆமென்" என்றது. ஐயர் மகள் எமீமாள்.

உள்ளதைச் சொன்னால் அவள் ஜெபத்தையே கவனிக்கவில்லை. அடுப்பில் வைத்த பருப்பை இறக்கினோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பிரசங்க பீடத்தில் அப்பாவின் குரல் இறங்கி நின்றால் ஆமென் சொல்ல வேண்டும் என்பது அவள் நாக்குக்குத் தெரியும், அதற்கு அவளுடைய உதவி தேவைப்பட்டதில்லை. பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்து முடித்து வந்திருந்த அவளுடைய இருபத்தொரு வயதுக்குள், சோற்றுக்கு முன்னும் பின்னும், பயணத்துக்கு முன்னும் பின்னும், பால்காரர் வீட்டுப் பசு கன்று போட்டதற்கும், அந்தக் கன்று செத்ததற்கும் அவள் சொல்லியிருந்த ஆமென்களைக் கொட்டி வைத்தால் அவர்கள் குடியிருக்கும் குருமனைக்கு வெளியே கிடக்கும் தேரிச் செம்மணல் அளவுக்கு வரும்.

அதோடு அவள் பொருத்தனைப் பிள்ளை. அவளுக்கு முன் வயிற்றில் தங்காமல் போன பிள்ளைகளுக்குப் பிறகு, அவளுடைய அம்மா புஷ்பலீலா, "ஒண்ணைத் தாரும் ஆண்டவரே, அதை உம்ம ஊழியத்துக்கே திருப்பித் தந்திருதேன்" என்று அழுது கேட்டு வாங்கிய பிள்ளை. சபைகளுக்கு மேலிடமான டயோசிசன்காரர்கள் ஐயரை ஊர் ஊராக மாற்றினார்கள், ஒவ்வொரு ஊரிலும் குருமனைச் சுவரில் முந்தைய ஐயர் காலண்டர் மாட்டிய ஆணி ஓட்டை இருந்தது, ஒவ்வொரு ஊரிலும் அதே கேள்வியும் இருந்தது: "பாப்பா, நீயும் அப்பா மாதிரி அங்கி போடப் போறியாமே?" கேட்டவர்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். அவளும் ஆண்டவரிடமிருந்து அழைப்பு வரும் வரும் என்று காது கொடுத்துப் பார்த்தாள். மற்றவர்களுக்குச் சொப்பனத்தில் வந்தது, வசனத்தில் வந்தது, ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்தது. அவளுக்குப் பூனை கத்துகிற சத்தமும் அம்மா கூப்பிடுகிற சத்தமும்தான் வந்தன. உனக்கு இது வேண்டுமா என்று அவளை யாரும் கேட்டதில்லை, கடவுள் உட்பட. அது அவளுக்கு உள்ளுக்குள் பெரிய குறைதான், யாரிடமும் சொல்லாத குறை.

ஆமென் போனதை ஊர் எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், மின்வெட்டை எப்படி ஏற்றுக்கொள்ளுமோ அப்படித்தான். முதல் இரண்டு நாள் திட்டினார்கள், அப்புறம் மாற்று வழி தேடினார்கள். ஆமென் இல்லாமல் ஜெபம் முடியாது, ஜெபம் முடியாமல் சோற்றில் கை வைக்க முடியாது என்று ஆனதால் சாப்பாட்டு ஜெபம் சொன்ன வீடுகளில் குழம்பு ஆறி ஆடை கட்டியது. சிலர் "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிப் பார்த்தார்கள், கல்யாணத் தரகர் பேச்சு மாதிரி இருந்தது என்று விட்டுவிட்டார்கள். மகனோடு தினமும் போனில் பேசிப் பழகிய ஒருத்தி, "சரி ஆண்டவரே, அப்ப வச்சிரட்டுமா?" என்று முடித்தாள், அது ஊரில் கொஞ்ச நாள் நன்றாகவே ஓடியது. துபாயிலிருந்த பையன்களைப் போனில் ஆமென் சொல்ல வைத்தார்கள், அந்த இடத்தில் மட்டும் கிர்ரென்று இரைச்சல் கேட்டது. பக்கத்து ஊர்ப் பெந்தெகொஸ்தே சபையில் மூச்சுக்கு மூச்சு ஆமென் விழுந்துகொண்டிருந்தது, அங்கேயிருந்து ஒரு ஆளைக் கூட்டி வரலாம் என்று யாரோ சொல்ல, சபைக் காரியங்களை நடத்தும் சேகரக் கமிட்டியின் தலைவர் துரைப்பழம், "நம்ம ஜெபத்துக்கு அசலூரான் முத்திரை போடவா? சோறு ஆறுனா ஆறட்டும்" என்று சொல்லிவிட்டார். வீறாப்பில் பொறுமைபுரத்தை அடிக்க ஆள் கிடையாது.

ஆகவே எமீமாளைக் கூப்பிட்டார்கள். கோயில் வேலைகளில் ஐயருக்குத் துணையான உபதேசியார் தம்முடைய மொபெட்டில் அவளைப் பின்னால் உட்கார வைத்து, காலையில் கீழத்தெரு, மதியம் மேலத்தெரு, சாயங்காலம் பனங்காட்டு வீடுகள் என்று கொண்டுபோனார். வீட்டுக்காரர்கள் ஜெபித்து நிறுத்த, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் ஆமென் சொல்ல, அவர்கள் சோற்றில் கை வைக்க, மொபெட் அடுத்த வீட்டுக்குக் கிளம்பியது. புது டிராக்டருக்கு ஆமென், தண்ணீருக்குப் போர் போடுவதற்கு ஆமென், பிறந்தநாளுக்கு ஆமென். ஆமென் பாப்பா என்று பெயரே வந்துவிட்டது. புஷ்பலீலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இதுக்கு மேல என்னட்டி அடையாளம் வேணும் ஒனக்கு? ஊர் வாயெல்லாம் கட்டி ஒன் வாயை மட்டும் தொறந்து வச்சிருக்காரு. அசனப் பண்டிகைக்கு ஊரே கூடிச் சாப்பிட வருமுல்லா, அன்னைக்கு அப்பா ஒன்னைய ஊழியத்துக்கு ஒப்புக்குடுத்து ஜெபிப்பாவ. ஜூன்ல இறையியல் கல்லூரி."

"சரிம்மா" என்றாள் எமீமாள், ஆமென் சொல்கிற அதே குரலில்.

ஐயர் சாந்தமான மனிதர், பிரசங்கத்தில்கூட யாரையும் திட்டத் தெரியாதவர். தம்முடைய ஒவ்வொரு ஜெபமும் மகளின் வாயில் போய் முடிவது அவருக்குப் பெருமையாக இருந்ததா சங்கடமாக இருந்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

ஆனால் இதில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஜெபம் எங்கே முடியும் என்று தெரிந்தால்தானே ஆமென் சொல்ல முடியும்? அப்பாவின் குரல் இறங்கும் இடம் அவளுக்குப் பழக்கம், ஊராரின் குரல்கள் பழக்கமில்லை, எனவே அவள் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஜெபங்களைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தாள். கேட்கக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. குடிக்கிற புருஷன் திருந்த வேண்டும் என்று ஆரம்பித்து, திருந்தாவிட்டால் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும் என்று முடிக்கிறவர்கள் இருந்தார்கள். அண்ணன் கிணறு வற்ற வேண்டும் என்பதை நேரடியாகச் சொல்லாமல், "நீதியின்படி தண்ணீரைப் பங்கிட்டருளும்" என்று நாசூக்காகக் கேட்கிறவர்கள் இருந்தார்கள். பேச்சு நின்றுபோன தன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் கேட்காமல் வெறுமனே உட்கார்ந்திருந்த ஒரு தாயும் இருந்தாள், அங்கே எங்கே ஆமென் சொல்வது என்று தெரியாமல் எமீமாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள், உபதேசியார் வெளியே ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார். அன்றைக்கு மேலத்தெருவில் பல வீடுகளில் சாப்பாடு தாமதம்.

இப்படியிருக்கும்போதுதான் துரைப்பழம் வீட்டில் நிச்சயதார்த்தம் வந்தது. அவருடைய ஒரே மகள் ஜெபக்கனி, எமீமாளைவிட இரண்டு வயது மூத்தவள், பாடகர் குழுவில் பாடுகிறவள். மாப்பிள்ளை மும்பையில் மளிகை மொத்த வியாபாரம். பந்தல் போட்டு, இரண்டு ஊர் ஜனமும் வந்து, பந்தியில் இலை போட்டுத் தண்ணீரும் தெளித்தாகிவிட்டது. ஐயர் எழுந்து ஜெபித்தார். "மனமொத்து இணையப்போகிற இந்தப் பிள்ளைகளை ஆசீர்வதியும், எங்கள் நல்ல பிதாவே" என்று நிறுத்தினார்.

எமீமாள் கண்ணைத் திறந்திருந்தாள். ஜெபங்களைக் கேட்க ஆரம்பித்த பிறகு அவளுக்கு அந்தப் பழக்கம் வந்திருந்தது. எதிரே ஜெபக்கனி பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள், அவள் கண்களும் திறந்திருந்தன, பந்தலில் கண் திறந்திருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். மனமொத்து என்ற சொல் வந்தபோது ஜெபக்கனியின் முகம் வாடிச் சுருங்கியதை அவள் பார்த்தாள். ஆமென் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, எப்போதும்போல லேசாக, வழுவழுப்பாக இருந்தது. அதைப் பிடித்து நிறுத்த அவள் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

பந்தல் காத்திருந்தது, அசலூராரான மாப்பிள்ளை வீட்டாருக்கும் பொறுமைபுரத்து மண்ணில் அந்தச் சொல் வரவில்லை. இலையில் தெளித்த தண்ணீர் காய்ந்தது. ஒரு குழந்தை அப்பளத்தை ஒடித்தது, அதன் தாய் கண்ணைத் திறக்காமலேயே அதன் கையில் ஒன்று வைத்தாள்.

"பாப்பா" என்று துரைப்பழம் பல்லிடுக்கில் கூப்பிட்டார். "சொல்லு பாப்பா, நல்ல நேரத்துல என்ன சோதன?"

"மாமா, அப்பா மனமொத்துன்னு சொல்லுதாவ. அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றாள் எமீமாள். பந்தலில் எல்லோருக்கும் கேட்டது. "அக்கா, ஒனக்குச் சம்மதமா?"

இதைவிட எளிய கேள்வி உலகத்தில் கிடையாது, ஆனாலும் அந்த வீட்டில் அது அதுவரை யார் வாயிலும் வரவில்லை. பந்தலே கண்ணைத் திறந்தது.

ஜெபக்கனி தன் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள். "இல்ல" என்றாள்.

அப்புறம் நடந்ததை விரிப்பானேன். மாப்பிள்ளை வீட்டார் வேன் ஏறினார்கள், சோறு மாட்டுக்கும் நாய்க்கும் போனது, துரைப்பழத்தின் கோபமெல்லாம் மகளை விட்டுக் குருமனைப் பக்கம் திரும்பியது. மறுநாளே கமிட்டி கூடியது. சேகரத்தின் சிபாரிசு இல்லாமல் இறையியல் கல்லூரி வாசலைக்கூட மிதிக்க முடியாது, அந்தச் சிபாரிசு கிடையாது என்று தீர்மானம் ஆனது.

"ஆமென் சொல்லத் தெரிஞ்சவதான் ஐயராகலாம்" என்றார் துரைப்பழம். "நிறுத்தி வைக்கத் தெரிஞ்சவ இல்ல. அசனத்தன்னைக்கு ஒப்புக்குடுக்கிற ஜெபமும் வேண்டாம் ஐயரே. பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது."

சேதி கேட்டுப் புஷ்பலீலா படுத்துவிட்டாள். "ஆண்டவருக்குக் குடுத்த வாக்கை ஒரு நிமிஷத்துல கெடுத்துட்டியேட்டி" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதாள். எமீமாள் பின்பக்கம் போய், துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திடீரென்று கையை எடுத்துவிட்டார்கள். சந்தோஷமாக இருக்க வேண்டும். வேலைக்குப் போகலாம், மேலே படிக்கலாம், அங்கிப் பேச்சை இனி ஒருவரும் எடுக்கமாட்டார்கள். அவள் தன் மனசுக்குள் அந்தச் சந்தோஷத்தைத் தேடித் தேடிப் பார்த்தாள், அங்கே ஒரு ஏக்கம்தான் இருந்தது. மேலத்தெருவில் அந்தப் பேசாத குழந்தையின் தாய் அருகில் போய் உட்கார வேண்டும் போலிருந்தது. ஜெபக்கனி சாப்பிட்டாளா என்று தெரிய வேண்டும் போலிருந்தது. அவளே எழுந்து போய் உட்காரலாம், யார் தடுத்தார்கள்? ஆனால் ஒரு நாள் போய் வருவது போதாது என்றும், ஆயுசு முழுக்க அதையே செய்ய வேண்டும் என்றும், அதுவும் ஆண்டவர் பெயரைச் சொல்லிச் செய்ய வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றியது. வானத்திலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. பூனைதான் கத்தியது.

ஐயர் வந்து பக்கத்தில் நின்றார். "அம்மா சொல்லுததை மனசுல வைக்காத" என்றார். "ஒனக்கு விருப்பமில்லன்னா விட்டுரலாம். இதுவும் நல்லதுக்குத்தான்."

"விருப்பம் இருந்தா?" என்றாள்.

தண்ணீர்த் தொட்டியின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, ஐயர் அதைப் போய் இறுக்கி மூடினார். திரும்பி வந்து, "இத்தனை வருஷத்துல நான் ஒன்கிட்ட கேட்டதே இல்லியே எமீ" என்றார். அவருடைய முகம் சின்னப்பிள்ளை முகம் மாதிரி ஆகியிருந்தது.

அசனப் பண்டிகையன்று கோயிலுக்கு வெளியே அண்டா அண்டாவாகக் கறிச்சோறு வெந்துகொண்டிருந்தது. துபாய்ப் பையன்களில் லீவு கிடைத்தவர்கள் வந்திருந்தார்கள், கட்டிக்கொடுத்த பெண்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள், சாப்பாட்டின் வாசனையில் பிரசங்கத்தை யாரும் கேட்கவில்லை, ஐயரும் சுருக்கமாகவே முடித்தார். பிறகு அவர் செய்தது நிகழ்ச்சிநிரலில் இல்லை. பலிபீடத்தின் முன்னால் இறங்கி வந்து, "எமீமா, வாம்மா" என்று கூப்பிட்டார். முன்பெஞ்சில் துரைப்பழம் எழுந்தார். ஐயர் அவரைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்கிற மாதிரி ஒரு கையை உயர்த்தினார், அவ்வளவு சாந்தமான மனிதர் அப்படி ஒரு காரியம் செய்ததில் துரைப்பழமே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபடி நின்றுவிட்டார்.

எமீமாள் முழங்காலிட்டாள். ஐயர் அவள் தலைமேல் கைவைத்தார்.

"ஆண்டவரே, இவளைப் பிறக்கும் முன்னே உமக்குக் குடுத்துட்டோம். குடுத்தது நாங்க. இவகிட்ட கேக்கல. ஊருக்கெல்லாம் கேக்கத் தெரிஞ்ச பிள்ளைகிட்ட, பெத்தவன் கேக்கல. அந்தத் தப்பை மன்னிச்சிரும். இப்ப கேக்கேன்." அவர் குனிந்தார். மைக் அவர் கழுத்தில் தொங்கியதால் எல்லாம் வெளியே அண்டாக்காரர்கள் வரைக்கும் கேட்டது. "எமீ, ஒனக்கு இது வேணுமாம்மா?"

சொல்லப்போனால் ஒரு ஆமெனில் முடிகிற விஷயம், அதுவும் ஊரில் ஆமென் உள்ள ஒரே வாய் அவளுடையது. அவள் வாயைத் திறந்தாள். வரவில்லை. மறுபடியும் திறந்தாள், நாக்கு வழக்கமான இடத்துக்குப் போய் வெறுமனே திரும்பி வந்தது. இருபத்தொரு வருஷமாக அவளைக் கேட்காமலே ஓடி வந்துகொண்டிருந்த சொல் அன்றைக்கு வரவில்லை, அவள் கன்னம் சிவந்தது, கண்ணில் நீர் முட்டியது, பெஞ்சுகளில் "இவளுக்கும் போச்சா" என்று கிசுகிசுத்தார்கள். ஆயத்தமாகக் கையில் சொல் எதுவும் இல்லாமல், அவள் தன் மனசிலிருந்து தானே ஒன்றைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

"வேணும்பா" என்றாள். "எனக்கு வேணும். யாரு வேண்டாம்னாலும் எனக்கு வேணும்."

சொல்லிவிட்டுத் தேம்பினாள். அப்போது பாடகர் பெஞ்சில் ஜெபக்கனி எழுந்து நின்று, இரண்டு மாதமாக அந்த ஊரில் எமீமாளைத் தவிர வேறு எவர் வாயிலும் வராத சொல்லை, கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் முழுதாகச் சொன்னாள்.

"ஆமென்."

மேலத்தெருத் தாய், மடியிலிருந்த குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். அப்புறம் பின்வரிசையில் இரண்டு பேர், அப்புறம் பிள்ளைகள், வெளியே கரண்டியோடு நின்ற சமையல்காரர். எல்லோருக்கும் வந்ததாகச் சொல்ல முடியாது, மனசில் இருந்தவர்களுக்கு வந்தது. புஷ்பலீலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்ததால் அவளுக்கு வந்ததா, அழுகைதானா என்று அருகில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை. துரைப்பழத்துக்கு அன்றைக்கு வரவில்லை. அவர் நின்றபடியே மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், சிபாரிசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஐயருக்கும் இன்னும் வரவில்லை. அவர் கை மகள் தலைமேலேயே இருந்தது. இந்த வேலை என்னவென்று அந்தக் கோயிலில் முழுசாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்: சாவு வீடுகளும், கமிட்டிச் சண்டைகளும், பதில் கிடைக்காத ஜெபங்களும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சட்டி பானையைக் கட்டுவதும். இதற்கெல்லாம் தன் பிள்ளையைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "பயமா இருக்காம்மா?" என்றார்.

"ஆமாப்பா."

"இருந்தும் வேணுமா?"

"வேணும்."

அப்போதுதான் அவருக்கு வந்தது. அது பிரசங்க பீடத்தில் அவர் இழுத்துச் சொல்கிற ஆமென் இல்லை, எமீமாளுக்கு மட்டும்தான் கேட்டது, மகளை பஸ் ஏற்றிவிட்டு ஜன்னல் ஓரம் நிற்கிற அப்பன், பஸ் நகரும்போது, சரி, பார்த்துப் போயிட்டு வா என்று சொல்வது போலிருந்தது.